கிட்டங்கித் தெரு முடுக்கு

சுருளிக்கு யூனிஃபார்ம் தைக்க அளவெடுத்த டெய்லர், டேப்பை இரண்டு தடவை வைத்துப் பார்த்தார். பருத்திப் பொதி தூக்கித் தூக்கி அகன்றுபோன தோள் அது. ஐம்பத்தேழு வயதிலும் குறுகவில்லை. நீலச் சட்டை, கருப்பு பெல்ட், நெஞ்சில் பெயர் எழுதிய வில்லை. அதையெல்லாம் மாட்டிக்கொண்டு முதல் நாள் அவர் கிட்டங்கித் தெருவில் நடந்து வந்தபோது, பலசரக்குக் கடை பொன்னுராஜ் கல்லாவை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

“யாரோ இன்ஸ்பெக்டர் வாராகன்னு பயந்துட்டேன்யா” என்றார்.

சுருளிக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் அவரைச் சட்டையோடு பார்த்தவர்கள் குறைவு.

தேனி ரயில் பாதையை ஒட்டிய தெரு அது. இரண்டு பக்கமும் சரக்கு அடுக்குகிற கிட்டங்கிகள். பருத்தி, மிளகாய் வத்தல், நிலக்கடலை என்று சுற்றுப்பட்டி விளைச்சலெல்லாம் அங்கே வந்து இறங்கி, அடுக்கப்பட்டு, மறுபடி ஏறும். கிட்டங்கிகளுக்குப் பின்னால் லோடுமேன்களின் குடும்பங்கள் வாடகைக்கு இருந்தன. சுருளியும் வருசநாட்டிலிருந்து வந்த புதிதில் அங்கேதான் ஒரு வீடு பிடித்தார். கல்யாணமானதும் ராக்கம்மாளையும் அங்கேதான் கூட்டிவந்தார்.

அகலப் பாதை போடுகிறோம் என்று தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் ரயில் வரவில்லை. தெரு படுத்துவிட்டது. கிட்டங்கிச் சுவர்களில் அரசங்கன்று முளைத்தது. தூக்க ஆளிருந்தது, பொதி இல்லை. சிலர் கம்பம் பக்கம் வாழைத்தார் ஏற்றப் போனார்கள், சிலர் ஏலத் தோட்டத்துக்கு மலையேறினார்கள். சுருளி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக் காலத்தை ஓட்டினார். ராக்கம்மாள் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போனாள். அவள் சம்பளம்தான் அந்த வருஷங்களில் குடும்பத்தை நிறுத்தியது. அதைச் சுருளி யாரிடமும் மறைத்ததில்லை.

பிறகு ரயில் வந்தது. கொஞ்ச நாளில் மெட்ராஸ் வண்டியும் வந்தது. வெளியூர்க்காரர்களின் கண் கிட்டங்கித் தெரு மேல் விழ அதற்குப் பிறகு நேரமாகவில்லை. ஒரு மிளகாய்க் கிட்டங்கியை, சுவரைக்கூடப் பூசாமல் அப்படியே வைத்துக் காப்பிக் கடை ஆக்கினார்கள். பெண்பிள்ளைகள் வந்து அந்தப் பழைய செங்கல் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தச் செங்கலில் முதுகை உரசி உரசித் தேய்த்ததில் தன் பங்கும் உண்டு என்று சுருளி மனசுக்குள் சிரித்துக்கொள்வார். ஒரு ஜிம் வந்தது. தோல் டாக்டர் ஒருத்தர் வந்தார். கடைசியில், தெருவின் பெரிய கிட்டங்கிகள் இரண்டையும் ஒரே ஆள் வாங்கி இடித்துவிட்டு, அஞ்சு மாடி அபார்ட்மென்ட் கட்டினார்.

கட்டடம் எழும்பி வந்ததைச் சுருளி தினமும் நின்று பார்த்தார். ஆள் தூக்காமல் கிரேன் தூக்குகிற கம்பியை, இரண்டாவது மாடிக்குக் குழாய் வழியாகப் போய் விழுகிற கான்கிரீட்டை, வாய் பிளந்து ரசித்தார். வாட்ச்மேன் வேலைக்கு உள்ளூர் ஆள் வேண்டும் என்று கேட்டபோது முதல் ஆளாகப் போய் நின்றார்.

சிக்கல் முடுக்கில்தான் வந்தது.

இடிக்கப்பட்ட இரண்டு கிட்டங்கிகளுக்கும் நடுவில், இரண்டு பேர் ஒட்டி நடக்கலாம் என்கிற அகலத்தில் ஒரு முடுக்கு இருந்தது. கிட்டங்கித் தெருவில் நுழைந்தால் அந்தப் பக்கம் ஸ்டேஷன் ரோட்டில் கொண்டு விட்டுவிடும். பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை எல்லாம் அந்தப் பக்கம்தான். முடுக்கை விட்டால் ரயில்வே கேட்டைச் சுற்றி, மெயின் ரோட்டு பஸ், லாரிக்கு நடுவே போகவேண்டும். புதுக் கட்டடம் வந்தபோது முடுக்கும் காம்பவுண்டுக்குள் போயிற்று. டைல்ஸ் பதித்து, ஓரத்தில் குரோட்டன்ஸ் வைத்து, கிட்டங்கித் தெருப் பக்கம் ஒரு சின்ன இரும்பு கேட் போட்டார்கள். அதுதான் பின்கேட்; முன்கேட் ஸ்டேஷன் ரோட்டில். சுருளிக்குக் கொடுத்த நாற்காலி அங்கேதான். ஆரம்பத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜனங்கள் பழையபடி நடந்துகொண்டிருந்தார்கள்.

ஆனி மாதம் சாரல் தொடங்கிய ஒரு சாயங்காலம், அசோசியேஷன் செக்ரட்டரி சசிதரன் இறங்கி வந்தார். குமுளிப் பக்கத்து மலையாளி. ஏல வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு, முழங்காலுக்கு மலைக்குளிர் ஆகாது என்று தேனியில் வீடு வாங்கியவர். யாரிடமும் குரலை உயர்த்தாத மனுஷர்.

“சுருளி, நாளைலேர்ந்து பின்கேட் பூட்டணும் கேட்டோ. வெளியாளுங்க இது வழியா நடக்கக் கூடாதுன்னு கமிட்டியில முடிவாச்சு. போன வாரம் ஒரு சைக்கிள் காணாமப் போச்சல்லே, எல்லாரும் பயப்படறாங்க.”

வெளியாள் என்றால் யார் என்று கேட்கச் சுருளிக்கு நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. “சரிங்க சார்” என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

ராத்திரி வீட்டில் சொல்ல முடியவில்லை. சோறும் இறங்கவில்லை. ராக்கம்மாள் ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள். விடியுமுன்பே அவர் டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

காலையில் பூட்டுக்கு முன்னால் முதலில் வந்து நின்றது ராக்கம்மாள்தான். கையில் சாப்பாட்டுப் பை, தோளில் குடை.

“என்ன, பூட்டிருக்கு?”

“நேத்துச் சொல்லிட்டாக. வெளியாளுக வரக் கூடாதாம்.”

“வெளியாளுன்னா?”

சுருளி கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

“நானுமா?”

“நீயுந்தான்.”

கத்துவாள் என்று நினைத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரையே நிறுத்திக் கேள்வி கேட்கிற வாய் அது. ஆனால் அவள் பூட்டைப் பார்த்தாள், அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ராத்திரி சோறு எறங்காம இருந்தது இதுக்குத்தானா? சொல்லியிருந்தா வெள்ளென கெளம்பியிருப்பேன்ல.”

அதற்குள் பின்னால் கீரைக் கூடையோடு சோணையம்மாள் வந்துவிட்டாள். இரண்டு வீடு தள்ளி இருப்பவள். ஸ்டேஷன் ரோட்டில் கீரை விற்கிறவள். விஷயம் புரிந்ததும் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

“ஏலே சுருளி! வருசநாட்டுக் காட்டுலருந்து நீ வந்து முழிச்சுக்கிட்டு நின்னப்ப, இந்தா இதுதான்டா வழின்னு காட்டுனவளே நாந்தான். எனக்கே பூட்டுப் போடுறியா?”

சுருளிக்கு மண்ணைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

“மதினி, அவரத் திட்டாதீக” என்றாள் ராக்கம்மாள். “பூட்டு அவரு கையில இருக்கு, அம்புட்டுத்தான். அவரு போட்டது இல்ல. வாங்க, சுத்திப் போவோம்.” கீரைக் கூடையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். சாரலில் இரண்டு பேரும் ஒரே குடையில் நடந்து போனார்கள். சுருளி அவர்கள் திரும்புகிற முக்கு வரை பார்த்துக்கொண்டே நின்றார். பொதி தூக்கிய காலத்தில்கூட அப்படிக் கனத்ததில்லை.

அன்று சாயங்காலம் பொன்னுராஜ் கடை முன்னால் தெருவே கூடியிருந்தது. ஆட்டோ ஓட்டுகிற சுரேஷ்கண்ணன்தான் எல்லாருக்கும் மேலாகக் கத்தினான்.

“ஒரு கடப்பாரை போதும். பூட்ட உடைச்சுத் தூக்கிப் போட்டுட்டு நடப்போம். எவன் கேக்குறான்னு பாப்போம்.”

“ஒடைச்சா மொதல்ல போறது சுருளியண்ணன் வேலை” என்றார் பொன்னுராஜ். “இன்னொண்ணும் சொல்றேன், கோவிச்சுக்காதீக. அவுக வந்ததுல நல்லதும் இருக்கு. முன்னாடி இந்தத் தெருவுக்குப் பொண்ணு குடுக்க யோசிப்பாக. பொழுது சாஞ்சா வெளக்கு உண்டா? சாக்கடைக்கு மூடி உண்டா? எங் கடையில இன்னிக்கு ஓட்ஸ் விக்கிது. அரிசியும் பருப்பும் கூடத்தான் விக்கிது.”

“மூடி போட்டாக, நான் இல்லேங்கல” என்றாள் சோணையம்மாள். “அந்த மூடி மேல நடக்க நாம இங்கன இருக்கணும்ல? ஒவ்வொரு வெளக்கா எரிய எரிய வீட்டுக்காரரு வாடகைய ஏத்துறாரு. அவுகளுக்கு வெளிச்சம் போட்டு நமக்கு வழியக் காட்டுறாக.”

சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிக்கவில்லை. சுருளி யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு, துண்டு போர்த்திக்கொண்டு ஓரமாக நின்றார். யாரும் அவரைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. அதுவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

ராக்கம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து சுற்றி வந்து சேர்ந்தபோது பேச்சு முற்றியிருந்தது. பையைக் கீழே வைத்தாள்.

“பொன்னுராஜண்ணன் சொல்றதும் நெசம், மதினி சொல்றதும் நெசம்” என்றாள். “ஆனா ஒண்ணு. அந்த முடுக்கு கிட்டங்கி மொதலாளி எடம். அவுக விட்டாக, நாம நடந்தோம். உரிமைன்னு சண்டைக்குப் போனா நாமதான் தோப்போம். வழி வேணும்கிறதும் பொய்யில்லையே. போயிக் கேப்போம். அவுகளும் மனுசங்கதான்.”

“கேட்டுக் குடுக்காட்டி?” என்றான் சுரேஷ்கண்ணன்.

“குடுக்காட்டி அப்பறம் யோசிப்போம். இப்பவே கடப்பாரையத் தூக்குனா, நாளைக்கு அதத் தவிர வேற எதையும் தூக்க முடியாது.”

வீட்டுக்கு வந்ததும் சுருளி, “நான் வேலைய விட்ருறேன் ராக்கு” என்றார். “தெருவு மொகத்துல முழிக்க முடியல.”

“விட்டுட்டு? அடுத்து எவனோ ஒருத்தன் வருவான். அவனுக்கு மதினியும் தெரியாது, நானும் தெரியாது. பூட்டுக்கு அந்தப் பக்கம் நம்மாளு நிக்கிறது நல்லதுதான். பேசாம நில்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலையில், விசேஷத்துக்குக் கட்டுகிற நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். சோணையம்மாள் கூட வந்தாள். அபார்ட்மென்டில் மூன்று வீடுகளுக்குச் சமைக்கிற முத்துலட்சுமியும் வந்தாள். அவளும் இதே தெருப்பிள்ளைதான். அவளுக்குச் சுருளி மாமா முறை. மூவரும் சுற்றிக்கொண்டு முன்கேட் வழியாகவே போனார்கள். முன்கேட் வாட்ச்மேன் லீவு என்பதால், இன்டர்காமில் செய்தி சொல்லவேண்டிய கடமை அன்று சுருளிக்கு வந்து சேர்ந்தது.

“சார், உங்களப் பாக்க ஆளுக வந்திருக்காக.”

“யாரு?”

சுருளி ஒரு கணம் தடுமாறினார். “எம் பொண்டாட்டி, சார்.”

சசிதரன் கீழே இறங்கி வந்தார். அவர்களைப் பார்த்ததும், ஆபீஸ் ரூமில் இருந்த நாற்காலிகளைத் தானே இழுத்துப் போட்டார். ராக்கம்மாள் உட்கார்ந்தாள். மற்ற இரண்டு பேரையும் உட்காரச் சொன்னாள்.

“நீங்க வாங்குன எடம், சட்டப்படி எங்களுக்கு அதுல ஒண்ணும் இல்ல. அது எனக்குத் தெரியும்” என்றுதான் தொடங்கினாள். “ஆனா காலங்காலமா அதுலதான் நடந்துக்கிருந்தோம். பள்ளிக்கொடத்துப் பிள்ளைக, கீரை விக்கிறவுக, ஆசுபத்திரிக்குப் போறவுக. பகல்ல மட்டும் தெறந்து விட்டாப் போதும். நடக்குற ஆளு மட்டும். பைக்கு, ஆட்டோ, ஆடு, மாடு எதுவும் வராது.”

சசிதரன் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், “எனக்கு ஆட்சேபணை இல்ல சேச்சி. ஆனா நான் ஒருத்தன் தீர்மானிக்க முடியாது. மீட்டிங்ல வைக்கிறேன்” என்றார்.

மீட்டிங்கில் வைத்தார். பலர் பயந்தார்கள், சிலர் தயங்கினார்கள். கடைசியில் ஒரு நடுவழி கண்டுபிடித்தார்கள். அபார்ட்மென்ட் வீடுகளில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் போட்டோ ஒட்டிய அட்டை கொடுப்பது. அட்டை வைத்திருப்பவர்களைப் பின்கேட் வழியாகச் சுருளி உள்ளே விடலாம். மற்றவர்கள் சுற்றிப் போகவேண்டும்.

கழுத்தில் மாட்டுகிற நாடாவோடு அழகாகத்தான் அட்டை வந்தது. முத்துலட்சுமி, பாத்திரம் விளக்குகிறவர்கள், துணி தேய்க்கிறவர், பால் ஊற்றுகிறவர் என்று தெருவில் வீட்டுக்கு ஒருத்தராவது அந்தக் கட்டடத்தில் வேலை செய்தார்கள். காவல்காரன் சம்சாரம் என்று சசிதரன் ராக்கம்மாளுக்கும் ஒரு அட்டை போட்டுக் கொடுத்திருந்தார்.

சுருளிக்கு அப்பாடா என்று இருந்தது. பெண்டாட்டிக்காவது கேட்டைத் திறந்துவிடலாம்.

அன்று சாயங்காலம் தெருக்குழாயடியில் அட்டை வாங்கிய பெண்களெல்லாம் கூடினார்கள். வீட்டு வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த சுருளிக்கு எல்லாம் காதில் விழுந்தது.

“சோணை மதினிக்கு அட்டை இல்ல. எதுத்த வீட்டுப் பிள்ளைக மூணுக்கும் இல்ல” என்றாள் ராக்கம்மாள். “நாளைக்குக் காலைல நான் இந்த வழியா நொழையுறேன், மதினி கூடையத் தூக்கிக்கிட்டுச் சுத்திப் போறாக. எனக்கு மனசு வராது. நான் சுத்தித்தான் போகப் போறேன். நீங்க என்ன செய்யணும்னு நான் சொல்லல. பிள்ளைய விட்டுட்டு ஓடுறவுக இருக்கீக, நேரமாச்சுன்னு ஏச்சு வாங்குறவுக இருக்கீக. உங்க பாடு உங்களுக்குத்தான் தெரியும்.”

முத்துலட்சுமிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“அட்டையில என் போட்டோவே நல்லா விழுகல அத்தை. நானும் சுத்தியே வாரேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது முடிவாகியிருந்தது.

மறுநாள் காலையில் சுருளி பூட்டைத் திறந்து, கேட்டை அகல வைத்துக்கொண்டு நின்றார். முத்துலட்சுமி குடையோடு வந்தாள்.

“வா ஆத்தா, வா.”

“வேணாம் மாமா. நாங்க சுத்திப் போறோம்.” முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை. ஒரு கல்யாண வீட்டில் இன்னொரு கரண்டி பாயசம் வேண்டாம் என்று சொல்வது போலச் சொன்னாள். அவள் பின்னால் பாத்திரம் விளக்குகிறவர்கள் போனார்கள். துணி தேய்க்கிறவர் மூட்டையோடு போனார். ராக்கம்மாள் போனாள். போகும்போது, “டீயக் குடிச்சீகளா?” என்று மட்டும் கேட்டாள்.

திறந்த கேட்டுக்கு முன்னால் சுருளி தனியாக நின்றார். அவருக்கு அவமானமாக இல்லை. அதுதான் ஆச்சரியம். இவளோடு முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியிருக்கிறோம், இவளுக்குள் இப்படி ஒரு ஆள் இருப்பது நமக்கு முழுசாகத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தார்.

அதன் பிறகு தினமும் இதேதான். ஆடி பிறந்து காற்று குடையைப் புரட்டிப் போடுகிற அளவுக்கு அடித்தது. அவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள், சுற்றிக்கொண்டேதான் போனார்கள். யாரும் வேலையை நிறுத்தவில்லை, யாரும் கோஷம் போடவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தால் மட்டும் நேரமாகும். மாடியில் குக்கர் விசில் தள்ளிப்போகும். பள்ளிக்கூட வேன் வந்து நின்று ஹாரன் அடிக்கும்.

உத்தமபாளையத்தில் ஒரு காலேஜில் பாடம் எடுக்கிற ஜான்சி டீச்சர் மூன்றாவது மாடியில் இருந்தார். மதுரையிலிருந்து வந்தவர். அவர் வீட்டில் சமைப்பது முத்துலட்சுமிதான். ஒரு நாள் அவள் நனைந்து வந்து நின்றதைப் பார்த்துவிட்டு, டீச்சர் லிஃப்டைப் பிடித்து நேரே பின்கேட்டுக்கு வந்தார்.

“ஏன் சுருளியண்ணே, கார்டு காட்டியும் நீங்க விடலையா?”

“ஐயோ, நான் தெறந்து வச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன் டீச்சர். அவுகதான் வர மாட்டேங்கிறாக.”

“ஏன்?”

சுருளி சொன்னார். சோணையம்மாளைப் பற்றிச் சொன்னார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார், குழாயடிப் பேச்சைச் சொன்னார். “ஆரம்பிச்சது எம் பொண்டாட்டிதான்” என்று முடித்தபோது, தன் குரலில் இருந்த பெருமை தனக்கே கேட்டது.

அந்த வாரம் லீவு நாளன்று காலையில் டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு கிட்டங்கித் தெருவில் போய் நின்றார். ராக்கம்மாள் குடையோடு வந்தபோது, “நானும் வர்றேங்கா” என்றார்.

“எங்க டீச்சர்?”

“நீங்க போற வழியில.”

அந்த நடையைப் பற்றிச் சுருளி பிறகு இரண்டு பேர் வாயிலிருந்தும் கேட்டார். ரயில்வே கேட் மூடியிருந்ததாம். போடி வண்டி போகிற வரை சாரலில் நின்றார்களாம். கேட் திறந்ததும் பைக்கும் லாரியும் ஒன்றாக முண்டியடிக்க, கீரைக் கூடையோடு சோணையம்மாள் ரோட்டோரப் பள்ளத்தில் காலை விட்டுத் தடுமாறினாளாம். பஸ் ஒன்று கூடையை உரசிக்கொண்டு போனதாம். டீச்சர் கத்திவிட்டாராம். சோணையம்மாள் நிதானமாகக் கீரைக்கட்டைப் பொறுக்கிக்கொண்டு, “இது தெனமும் உள்ளதுதான் தாயி, பயப்படாதீக” என்றாளாம்.

“அந்தம்மா என்னைத் தேத்துறாங்கண்ணே. அவங்க கால்ல ரத்தம்” என்றார் டீச்சர் சுருளியிடம்.

மறுபடி மீட்டிங் கூடியது. அங்கே என்ன நடந்தது என்று சுருளிக்கு முழுசாகத் தெரியாது. டீச்சர் குரல் மட்டும் கீழே வரை கேட்டது. அடுத்த நாள் சாயங்காலம் சசிதரனும் டீச்சரும் பின்கேட்டுக்கு வந்தார்கள். சசிதரன் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, “சுருளி, உங்க வீடு எது? ஒண்ணு காட்டித் தரணும்” என்றார்.

அந்தக் கட்டடத்திலிருந்து யாரும் அதுவரை கிட்டங்கித் தெருவின் பின்பக்கம் வந்ததில்லை. சுருளி முன்னால் நடந்தார். ராக்கம்மாள் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். பொன்னுராஜ் கடையிலிருந்து இரண்டு நாற்காலி வந்தது. முத்துலட்சுமி சுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். சுற்றிலும் தெரு ஜனம் நின்றது.

“காலைல ஆறு மணிலேர்ந்து சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் திறக்கலாம்னு இருக்கோம்” என்றார் சசிதரன். “ஆனா சில பேருக்கு இன்னும் பயம் போகல. களவு போகாதுன்னு உங்க பக்கத்துலேர்ந்து யாராவது ஒரு உறுதி தந்தா, எனக்கு அவங்ககிட்ட சொல்ல எளுப்பமா இருக்கும்.”

சுரேஷ்கண்ணன் முகம் சிவந்தது. ராக்கம்மாள் அவனைப் பார்த்தாள். அவன் அடங்கினான்.

“அப்படி எப்படிங்கய்யா நான் சொல்ல முடியும்?” என்றாள் அவள். “எங்க தெருவுலயும்தான் களவு போகுது. போன வருசம் என் வீட்டுலயே அண்டா போயிருச்சு. எங்க ஆளுக அம்புட்டுப் பேரும் யோக்கியம்னு நான் சொன்னா அது பொய்யி. உங்க ஆளுகளப் பத்தி நீங்களும் அப்படிச் சொல்ல முடியாது. ஒண்ணு சொல்றேன். முடுக்கு பூட்டிக் கெடந்தா அங்கன சுவரேறிக் குதிச்சாலும் பாக்க ஆளிருக்காது. நாங்க நடந்துக்கிருந்தா நூறு கண்ணு இருக்கும். அப்பறமும் ஒண்ணு போனா, உங்க வீடு எங்க வீடுன்னு பாக்காமச் சேந்து தேடுவோம். அதுக்கு நான் பொறுப்பு.”

சசிதரன் சுக்குக் காப்பியை ஒரு வாய் குடித்தார். “ஞான் இதை இப்படியே சொல்றேன்” என்றார். எழுந்துகொள்ளும்போது, “இத்தனை நாளா அட்டை இருந்தும் சுத்தி நடந்தீங்களே, ஒரு தடவைகூட எங்களத் திட்டலையே சேச்சி” என்று கேட்டார்.

“திட்டாம என்ன! நடக்கும்போது திட்டிக்கிட்டேதான் நடந்தோம்” என்றாள் ராக்கம்மாள். “உங்க காதுல விழுகல, அம்புட்டுத்தான்.”

முதலில் சிரித்தது சசிதரன்தான்.

திங்கட்கிழமை காலையில் கேட் திறந்தது. ராக்கம்மாள் முதலில் வருவாள் என்று சுருளி சட்டையை நீவிக்கொண்டு நின்றார். அவள் ஓரமாக நின்றுகொண்டு எல்லாரையும் முன்னால் விட்டாள். சோணையம்மாள் போனாள். டைல்ஸைப் பார்த்து, “வழுக்குமாடா சுருளி?” என்று கேட்டுக்கொண்டே, அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குரோட்டன்ஸ் இலையைத் தொட்டுக்கொண்டே ஓடினார்கள். துணி மூட்டை, பால் கேன், முத்துலட்சுமி எல்லாம் போனபிறகு அவள் வந்தாள்.

“பட்டன் ஒண்ணு தெறிச்சுத் தொங்குது. சாயங்காலம் கழட்டிக் குடுங்க, தச்சுத் தாரேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு கேட் திறந்ததால் தெருவின் கஷ்டமெல்லாம் தீர்ந்துவிடவில்லை. எதிர்த்த வீட்டுக் குடும்பம், வாடகை கட்டுப்படியாகாமல் பைபாஸுக்கு அந்தப் பக்கம் போயிற்று. இன்னொரு கிட்டங்கியை யாரோ அளந்துவிட்டுப் போனார்கள். ஆனால் ஜான்சி டீச்சர் இப்போது கீரை வாங்க ஸ்டேஷன் ரோட்டுக்குப் போவதில்லை. சோணையம்மாள் முடுக்கு வழியாகப் போகும்போது டீச்சர் பால்கனியிலிருந்து பையை இறக்குவார். சசிதரன் சாயங்காலங்களில் பொன்னுராஜ் கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஏலக்காய் விலையைப் பற்றி அளந்துகொண்டிருப்பார். சுரேஷ்கண்ணன் ஆட்டோவில்தான் முழங்கால் டாக்டரிடம் போய்வருவார்.

ஆவணி தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர் சுருளி வாசலுக்கும் வந்தார். பெரியகுளத்தில் இருக்கிற மனுஷர், வருஷத்துக்கு ஒரு தடவைதான் தலையைக் காட்டுவார். தெரு மாறிவிட்டது, வெளியில் கேட்கிற வாடகையே வேறு, சோணையம்மாள் வீட்டையும் சேர்த்து வரிசையில் உள்ள நாலு வீட்டையும் காலி பண்ணச் சொல்லிவிட்டு இடித்துக் கட்டச் சொல்லி மகன் நச்சரிக்கிறான் என்று, நின்றபடியே ஒப்பிக்கத் தொடங்கினார்.

சுருளி உள்ளே திரும்பிப் பார்த்தார். ராக்கம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டிருந்தாள். அவசரமே இல்லை. அந்தக் கை அசைவைப் பார்த்ததும் சுருளிக்குக் கலக்கம் கொஞ்சம் விட்டது. வந்தவரைப் பார்க்கக்கூட ஒருமாதிரிப் பாவமாக இருந்தது.

“ஏன் நின்னுக்கிட்டே பேசுறீக? உக்காருங்க, பேசுவோம்” என்று சொல்லிக்கொண்டே அவள் வெளியே வந்தாள். “மதினியையும் மத்த ரெண்டு வீட்டு ஆளுகளையும் கூப்பிடுங்க” என்றாள் சுருளியிடம்.

சுருளி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டுவிட்டு, அவர்களைக் கூப்பிடப் போனார்.